நேரம் தவறிய வெயில்: கோடையும் பயிரும் கால்நடையும்

2022 ஏப்ரலில் மும்பைச் சந்தைகளில் ஓர் எலுமிச்சம்பழம் பத்து, பதினைந்து ரூபாய்க்கு விற்றது. வெயில் கடுமை, எல்லோரும் பழரசம் குடிக்கிறார்கள், அதனால் விலை ஏறிவிட்டது என்பதே பரவலாகச் சொல்லப்பட்ட காரணம். அதில் பாதிதான் உண்மை. மீதி, தோட்டத்தில் ஆறேழு மாதம் முன்பே நடந்து முடிந்திருந்தது. மகாராஷ்டிரத்தின் எலுமிச்சைத் தோட்டக்காரர்கள் சில வாரம் தண்ணீரை நிறுத்தி மரத்தை வாடவிடுவார்கள். பிறகு நீர் பாய்ச்சினால் மரம் பூத்துத் தள்ளும். ஆண்டுக்கு இப்படி மூன்று பூப்புகள்: ஜனவரி, பிப்ரவரியில் அம்பே பஹார், ஜூன், ஜூலையில் மிருக் பஹார், செப்டம்பர், அக்டோபரில் ஹஸ்த பஹார். கோடைச் சந்தையில் நல்ல விலை பெறுவது ஹஸ்தப் பூவின் காய். 2021இல் அந்த மாதங்களில் மழை விடாமல் பெய்ததால் மரம் வாடவே இல்லை, பூ குறைந்தது. அடுத்து வந்த அம்பே பஹாரின் பிஞ்சுகளைப் பிப்ரவரிக் கடைசியிலேயே சுடத் தொடங்கிய வெயில் உதிர்த்துவிட்டது. வாட வேண்டிய காலத்தில் ஈரமும், ஈரம் வேண்டிய காலத்தில் வெயிலும் வந்ததற்கு நகரம் கொடுத்த விலை அது.

கோடை உழவைக் கெடுக்கிறது என்று பொதுவாகச் சொல்லிவிடுவது எளிது. உண்மையில் சமவெளி உழவர்கள் கோடையை நம்பித்தான் பல வேலைகளை வைத்திருக்கிறார்கள். கேடு வருவது வெயில் தன் மாதத்தையோ, தன் மணியையோ மீறும்போது. எத்தனை டிகிரி என்ற கேள்விக்கு முன்னால், பயிர் எந்தப் பருவத்தில் நின்றபோது அந்த டிகிரி வந்தது என்று கேட்க வேண்டும்.

இந்தக் கணக்கைப் பார்க்க மும்பையின் திலக் நகர் நல்ல இடம். ஹார்பர் ரயில் பாதையில் குர்லாவுக்கும் செம்பூருக்கும் நடுவில் இருக்கிறது. அதே பாதையில் கிழக்கே கழிமுகத்தைத் தாண்டினால் வாஷி மொத்தச் சந்தை. நாசிக் வெங்காயமும் கொங்கண் மாம்பழமும் இறங்கும் இடம். மறுபக்கம், கூப்பிடு தூரத்தில் லோக்மான்ய திலக் முனையம். அங்கிருந்து கோயம்புத்தூர் போகும் ரயில் புனே, சோலாப்பூர், ராய்ச்சூர், குண்டக்கல் வழியாகத் தக்காணத்தின் பரந்த கரிசல் நிலத்தைக் கடந்து போகிறது. பள்ளி விடுமுறைக்கு ஊர் போகும் மும்பைத் தமிழர்கள் அந்த நிலத்தைப் பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில்தான் பார்க்கிறார்கள்: அறுத்த சோளக்காடு, வெடித்த மண், வேலமர நிழலில் மாடுகள். வெறுமையாகத் தெரியும் அந்த நிலத்தில் வேலை நின்றுவிடவில்லை.

வெயிலை வேலைக்கு வைத்தவர்கள்

கரிசல் மண் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். கோடையில் அது பாளம் பாளமாக வெடிக்கும்போது மேல்மண் பிளவுகளுக்குள் உதிர்ந்து கீழே போகிறது. ஏர் போகாத ஆழத்தில் மண் தானாகவே புரள்கிறது. முதல் மழை அந்தப் பிளவுகள் வழியாக உள்ளே இறங்கித் தங்குகிறது. சோலாப்பூரிலும் கோவில்பட்டியிலும் மானாவாரிப் பயிர் நிற்பது இந்தச் சேமிப்பை நம்பித்தான்.

சித்திரைப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம் என்பது நம் ஊர்ப் பழமொழி. கோடை உழவில் கோரைக் கிழங்கும் புழுக்களின் கூடுகளும் மேலே வந்து வெயிலில் செத்துப்போகின்றன. ஒரு பலப் புழுதி கால் பலமாகக் காயும்படி உழுதால் பிடி எருவும் வேண்டாம் என்கிறது திருக்குறளின் உழவு அதிகாரம். இதற்கு மண்ணியல் தரும் விளக்கத்தை 1958இல் கென்யாவில் பணியாற்றிய எச். எஃப். பர்ச் வெளியிட்டார். நன்றாகக் காய்ந்த மண் மீண்டும் நனையும்போது அதிலுள்ள நுண்ணுயிர்கள் வேகமெடுத்து மட்கைச் சிதைக்கின்றன. பயிர் எடுத்துக்கொள்ளக்கூடிய தழைச்சத்து ஒரே நேரத்தில் பெருகுகிறது. மண் எவ்வளவு காய்கிறதோ அவ்வளவுக்கு அந்தப் பெருக்கும் கூடும் என்று அவர் காட்டினார்.

கால்நடைக்கும் கோடையில் ஓர் ஏற்பாடு உண்டு. சம்பாவும் தாளடியும் அறுவடையானதும் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் ஆட்டு மந்தைகளோடு காவிரிப் படுகைக்குப் போகிறார்கள். பகலில் ஆடுகள் தாளை மேயும். இரவில் வயலிலேயே கிடை போடுவார்கள். எருவுக்காக நிலக்காரர் கூலி தருவார். குறுவை நடவு தொடங்கும்வரை இது ஓடும். மகாராஷ்டிரத்தின் தங்கர் இடையர்கள் மழைக்காலம் முடிந்ததும் தக்காணத்திலிருந்து கொங்கண் கரைக்கு இறங்கி, அங்கே அறுத்த நெல்வயல்களில் இதையே செய்கிறார்கள். தாளும் ஆடும் எருவும் சேர்ந்த இந்த ஒப்பந்தத்துக்கு வயல் சில மாதம் தரிசாகக் கிடந்தாக வேண்டும். அந்த இடைவெளியைக் கொடுப்பது கோடை.

முன்னால் வந்த வெயில்

2022 மார்ச், 1901 முதல் உள்ள பதிவுகளில் இந்தியாவின் வெப்பமான மார்ச். நாடு முழுவதற்குமான பகல் உச்ச வெப்பத்தின் சராசரி 33.1 டிகிரி. மே மாதத்தில் இந்த எண்ணைப் பார்த்து எவரும் வியக்கமாட்டார்கள். மார்ச்சில் பஞ்சாப், அரியானா கோதுமை பால்பிடித்து மணி முற்றும் பருவத்தில் இருந்தது.

கோதுமை குளிர்ப் பயிர். மணி முற்றும் நாட்களில் சூடு கூடினால் இலை சீக்கிரம் பழுத்துவிடும். மாவு சேர வேண்டிய நாட்கள் குறையும். கதிர் முற்றியது போலவே தோன்றும், உள்ளே மணி சுருங்கியிருக்கும். வெம்பிப் பழுத்த மாங்காயில் நடப்பதுதான் அங்கேயும் நடக்கிறது. உலகக் கோதுமை விளைச்சல் ஒவ்வொரு டிகிரி வெப்ப உயர்வுக்கும் சுமார் 6 சதவீதம் குறையும் என்று 30 பயிர் மாதிரிகளை வைத்து 2015இல் வந்த பன்னாட்டு ஆய்வு ஒன்று கணித்திருந்தது.

அந்த ஆண்டு 11.13 கோடி டன் கோதுமையை அரசு எதிர்பார்த்தது. இறுதிக் கணக்கு 10.77 கோடி டன். நாட்டளவில் இழப்பு மூன்று சதவீதத்தைச் சற்றே தாண்டுகிறது. அதன் விளைவோ அந்த அளவோடு நிற்கவில்லை. உக்ரைன் போரால் உலகச் சந்தையில் விலை ஏறியிருந்தது. உழவர்கள் தனியாரிடம் விற்றார்கள். முந்தைய ஆண்டு 4.33 கோடி டன்னாக இருந்த அரசுக் கொள்முதல் 1.88 கோடி டன்னாகச் சரிந்தது. மே 13 அன்று கோதுமை ஏற்றுமதிக்குத் தடை வந்தது. இரண்டு, மூன்று வார வெயில், இருப்பு மெலிந்த சந்தையில் எவ்வளவு பெரிதாக வளர முடியும் என்பதற்கு இது பாடம். 2023 பிப்ரவரி, அதுவரையான பதிவுகளில் மிக வெப்பமான பிப்ரவரியாக அமைந்தபோது அரசும் வணிகர்களும் பதறியதற்கு இந்த நினைவே காரணம்.

இங்கே ஓர் அளவுகோல் சிக்கல் இருக்கிறது. இந்திய வானிலைத் துறையின் வரையறைப்படி சமவெளியில் வெப்பம் குறைந்தது 40 டிகிரியைத் தொட்டால்தான் வெப்ப அலை என்ற பேச்சே எழும், கடலோரத்தில் 37. மனித உயிரைக் காக்க வைத்த எல்லை அது. மார்ச் நடுவில் 35 டிகிரி என்றால் எந்த எச்சரிக்கையும் வராது. பால்பிடித்த கோதுமைக்கோ அது தாங்காத சூடு.

காலை பத்து மணி, நள்ளிரவு

நெல்லுக்கு இந்தக் கணக்கு நாளிலிருந்து மணிக்குச் சுருங்குகிறது. நெற்பூ பெரும்பாலும் காலை ஒன்பது மணிக்கும் நண்பகலுக்கும் இடையில், ஒரு மணி நேரம் போல விரிந்து மூடிக்கொள்கிறது. அந்த நேரத்தில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தப் பை சரியாக வெடிப்பதில்லை, பூ மலடாகிறது. அறுக்கும்போது பதரும் கருக்காயுமாகக் கொட்டும். வட தமிழகத்தில் பட்டம் தள்ளிப்போன நவரைப் பயிர் பூக்கும் நாட்களில் இந்த ஆபத்து கூடுதல். பிற்பகல் மூன்று மணிக்கு 40 டிகிரி அடித்தாலும் அன்றைய பூ ஏற்கெனவே கருப்பிடித்திருந்தால் அவ்வளவு பாதிப்பில்லை.

இதனால்தான் ஆய்வாளர்கள் சூட்டைத் தாங்கும் நெல்லோடு, சூட்டுக்கு முன்பே பூக்கும் நெல்லையும் தேடினார்கள். உத்தரப் பிரதேசத்தின் நகினா 22 முதல் வகைக்கு நெடுநாளாக எடுத்துக்காட்டு. இரண்டாவது வழியில், ஒரைசா அஃபிசினாலிஸ் என்ற காட்டு நெல்லின் மரபுக்கூறு ஒன்றைச் சேர்த்துப் பூக்கும் நேரத்தை ஒன்றரை மணி நேரம் போல முன்னால் இழுத்திருக்கிறார்கள்.

இரவும் கணக்கில் உண்டு. பிலிப்பைன்ஸின் லாஸ் பானியோஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனப் பண்ணையில் 1979 முதல் 2003 வரை பகல் உச்ச வெப்பம் 0.35 டிகிரிதான் கூடியது. இரவின் குறைந்தபட்ச வெப்பம் 1.13 டிகிரி கூடியது. வறண்ட பருவ நெல்லில் இரவு வெப்பம் ஒரு டிகிரி ஏறும்போது விளைச்சல் 10 சதவீதம் குறைந்ததை 2004இல் வெளியான அந்த ஆய்வு காட்டியது. பகலில் சேர்த்த மாவுச்சத்தை இரவு சுவாசத்தில் பயிர் கூடுதலாகச் செலவழிக்கிறது என்பது இதற்குத் தரப்படும் விளக்கங்களில் ஒன்று. நம் செய்திகளில் பகல் உச்சம் மட்டுமே வாசிக்கப்படுகிறது. இரவு எவ்வளவு ஆறியது என்பதை எவரும் கேட்பதில்லை.

மறுபுறம், தண்ணீர் இருந்தால் வெயிலின் பொருளே மாறுகிறது. ஆஸ்திரேலியாவின் ரிவரினா பகுதியில் காற்று மிக வறண்டது. அங்கே காற்றின் வெப்பம் 34 டிகிரியைத் தாண்டியபோது நெற்கதிரின் வெப்பம் அதைவிட ஏறக்குறைய 7 டிகிரி குறைவாக இருந்ததை ஜப்பானிய ஆய்வாளர்கள் அளந்தார்கள். வேரில் நீர் நிற்க, வறண்ட காற்றில் ஆவியாகும் ஈரம் கதிரைக் குளிர்வித்தது. ஆகவே சமவெளியில் வெப்பத்தைப் பற்றிப் பேசுவது கால்வாயையும் கிணற்றையும் பற்றிப் பேசுவதுதான். பூக்கும் வாரத்தில் ஒரு நனைப்பு கிடைத்த வயலும் கிடைக்காத வயலும் ஒரே வெயிலில் வெவ்வேறு கோடையைப் பார்க்கின்றன.

காய வேண்டிய நேரத்தில் கல் மழை

மும்பை சாப்பிடும் வெங்காயத்தில் பெரும்பங்கு நாசிக் மாவட்டத்திலிருந்து வருகிறது. அங்கே லாசல்காவ் சந்தை நாட்டின் வெங்காய விலைக்கே குறியீடு. மார்ச் கடைசியிலிருந்து மே வரை பிடுங்கும் ரபி வெங்காயம்தான் அக்டோபர் வரை நாட்டைக் காப்பாற்ற வேண்டும். இதற்கு வெயில் அவசியம். பிடுங்கிய வெங்காயத்தை அதன் தாளாலேயே மூடிச் சில நாள் வயலில் உலர்த்தி, பிறகு நிழலில் ஆறப்போட்டு, கழுத்து நன்றாக ஒட்டிக் காய்ந்த பின்பே ‘காந்தா சாள்’ எனும் காற்றோட்டமான பட்டறைகளில் அடுக்குவார்கள். கழுத்தில் ஈரம் நின்றால் அழுகல் உள்ளே இறங்கும். நன்றாகப் பதப்படுத்தினாலும் சேமிப்பில் கால் பங்கு முதல் நாற்பது சதவீதம் வரை எடை குறைந்தும் முளைத்தும் அழுகியும் போகிறது.

வெயில் காய்ச்ச வேண்டிய இந்த மாதங்களில்தான் இடிமழையும் ஆலங்கட்டியும் வருகின்றன. சூடேறிய நிலம், மேலே குளிர்ந்த காற்று, கடலிலிருந்து உள்ளே வரும் ஈரம் மூன்றும் சேர்ந்தால் மேகம் மிக உயரமாக எழும். உறைந்த கட்டிகள் விழும். 2014 பிப்ரவரிக் கடைசி முதல் மார்ச் நடுப்பகுதி வரை மகாராஷ்டிரத்தில் விட்டு விட்டுப் பெய்த கல் மழை கோதுமை, சோளம், கொண்டைக்கடலை, திராட்சை, மாதுளை, வெங்காயம் என்று எதையும் விடவில்லை. கால்நடைகளும் பறவைகளும் செத்தன. பாராமதியில் உள்ள தேசிய அளவிலான பயிர் அழுத்த ஆய்வு நிறுவனம் அந்த அழிவைத் தனியாகவே ஆவணப்படுத்தியது. 2023 மார்ச்சில் நாசிக் உழவர்கள் மீண்டும் இதைக் கண்டார்கள். நனைந்த வெங்காயத்தை வைத்திருக்க முடியாது. எல்லோரும் ஒரே வாரத்தில் விற்க வருவதால் விலை விழும். ஆடி, ஆவணியில் பட்டறை காலியாகும்போது நகரத்தில் விலை ஏறும். ஒரே மழையால் உற்பத்தியாளர் ஏப்ரலிலும் வாங்குபவர் செப்டம்பரிலும் நட்டப்படுகிறார்கள்.

எருமைக்கு எந்த வெயில் கொடியது?

சோலாப்பூரின் 40 டிகிரியைவிடச் செம்பூரின் 34 டிகிரி பரவாயில்லை என்று தோன்றும். மாட்டுக்கு அப்படி இல்லை. வெப்பத்தையும் காற்றின் ஈரத்தையும் சேர்த்துக் கணக்கிடும் குறியீடு ஒன்றைக் கால்நடை அறிவியலில் பயன்படுத்துகிறார்கள். அது 72ஐத் தாண்டினால் கறவை மாடு சிரமப்படத் தொடங்குகிறது. பரவலாகக் கையாளப்படும் சூத்திரத்தில், 40 டிகிரி வெப்பமும் 15 சதவீத ஈரப்பதமும் போட்டால் 82 வருகிறது. 34 டிகிரியும் 70 சதவீதமும் போட்டால் 87. வறண்ட காற்றில் மாட்டின் உடல் ஈரத்தை ஆவியாக்கித் தன்னை ஆற்றிக்கொள்ள முடியும். கடலோரக் காற்றில் அந்த வழி அடைபடுகிறது.

எருமையின் நிலை இன்னும் மோசம். கறுத்த தோல் வெயிலை வாங்கிக்கொள்கிறது. வியர்வைச் சுரப்பிகளும் பசுவைவிட மிகக் குறைவு. குட்டையில் கிடப்பது அதற்கு உடல் தேவை. மும்பையின் எருமைக் கொட்டில்களை நகரின் நடுவிலிருந்து நகர்த்த 1949இல் ஆரே பால் குடியிருப்பு உருவாக்கப்பட்டது. 1951இல் நேரு அதைத் திறந்துவைத்தார். சுகாதாரமும் பால் கலப்படமும் அதற்குச் சொன்ன காரணங்கள். மரமும் திறந்த வெளியும் எருமைக்குக் கிடைத்தது அதன் இன்னொரு பலன்.

சூடு ஏறினால் மாடு முதலில் தீனியைக் குறைக்கிறது. இரைப்பையில் தீவனம் நொதிக்கும்போதே உடலில் வெப்பம் பிறப்பதால், குறைவாகத் தின்பதுதான் அதற்குத் தெரிந்த வைத்தியம். பால் குறையும், கொழுப்பும் குறையும். எருமை பருவத்துக்கு வந்தாலும் வெளியே அறிகுறி காட்டாது. சினைப் பிடிப்பு தள்ளிப்போகும். கன்று ஈனுவது மழைக்கும் குளிருக்கும் நகர்ந்துவிடுவதால் கோடையில் பால் இயல்பாகவே மெலிகிறது. குளிர்காலத்தில் தூளாக்கிய பாலைக் கரைத்து நகரங்கள் அந்த இடைவெளியை நிரப்புகின்றன. கர்னால் தேசியப் பால்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள், வெப்பத்தால் நாடு ஆண்டுக்குச் சுமார் 18 லட்சம் டன் பாலை இழப்பதாக மதிப்பிட்டிருந்தனர். அதிகம் பாதிக்கப்படுவது அதிகம் கறக்கும் கலப்பினப் பசு. கில்லாரி, காங்கேயம் போன்ற நாட்டினங்கள் குறைவாகக் கறந்தாலும் வெயிலில் நிற்கும்.

கோழிக்கு வியர்வைச் சுரப்பியே கிடையாது. வாய் திறந்து இரைத்துத்தான் ஆற வேண்டும். அப்படி இரைக்கும்போது கரியமில வாயு அளவு மீறி வெளியேறுகிறது; ஓடு கட்டத் தேவையான கார்பனேட் இரத்தத்தில் குறைகிறது. நாமக்கல் பண்ணைகளில் கோடை முட்டையின் ஓடு மெலிவதற்கும் உடைசல் கூடுவதற்கும் காரணம் இதுவே.

வெயிலை விடவும் கால்நடையைக் கொல்வது தீவனமின்மை. சோலாப்பூர்ப் பகுதியில் ரபி சோளம் மழை முடிந்ததும் விதைக்கப்பட்டு, மண்ணில் தங்கிய ஈரத்திலேயே விளைந்து, பிப்ரவரி, மார்ச்சில் அறுக்கப்படுகிறது. மணி வீட்டுக்கு, தட்டை மாட்டுக்கு. ஈரம் முன்னதாக வற்றினால் இரண்டும் ஒன்றாகக் குறைகின்றன. பாதி வாடிய இளஞ்சோளத்தை மேயவிட்டால் அதிலுள்ள சயனைடு நஞ்சு மாட்டையே கொன்றுவிடும். தட்டை விலை ஏறும் அதே வாரங்களில் மாட்டு விலை விழுகிறது. வைத்துக் காக்கவும் முடியாது, விற்றுப் பிழைக்கவும் முடியாது. 2012-13, 2018-19 வறட்சிகளில் பீட், ஒஸ்மானாபாத் மாவட்டங்களில் அரசின் தீவன முகாம்களில் மாடுகளோடு குடும்பங்களும் மாதக்கணக்கில் தங்கின. 2016 ஏப்ரல் 12 அன்று மிரஜிலிருந்து லாத்தூருக்கு ரயிலில் ஐந்து லட்சம் லிட்டர் குடிநீர் போய்ச் சேர்ந்தது. 1972 வறட்சியில் மராத்வாடாவை விட்டு வந்தவர்கள் மும்பையின் கிழக்குப் புறநகர்களில் குடியேறினார்கள். நெல்லை, ராமநாதபுரம் சீமைகளின் வறட்சிகள் தாராவிக்கு அனுப்பிய தமிழர்களின் பிள்ளைகளும் அந்த மராத்வாடாக்காரர்களின் பிள்ளைகளும் இன்று ஒரே சந்தையில் வெங்காயம் வாங்குகிறார்கள்.

காலம் அறிந்து செய்ய வேண்டியவை

வெயிலைக் குறைக்க உழவரால் முடியாது. பயிரை நகர்த்த முடியும். கோதுமையை அக்டோபரிலேயே விதைத்து மார்ச் வெயிலுக்கு முன் மணி முற்றவைக்க டெல்லி வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் எச்.டி. 3385 போன்ற வகைகளைக் கொடுத்திருக்கிறது. நவரையைப் பட்டம் தவறாமல் நட ஏரியில் தண்ணீர் இருக்க வேண்டும். மாட்டுக்கு விடியலிலும் இரவிலும் தீனி, கூரைக்குத் தென்னங்கீற்று அல்லது வெள்ளைப்பூச்சு, எருமைக்குக் குட்டை ஆகியவை எல்லோரும் அறிந்தவை. தீவன முகாமை மே மாதத்தில் திறப்பதைவிட, அறுவடை முடிந்து தட்டை மலிவாகக் கிடைக்கும்போது தாலுகாதோறும் வாங்கி அடுக்குவது செலவு குறைந்த வழி.

அறுப்பவர்களின் உடலும் இந்தக் கணக்கில் வர வேண்டும். வெப்பத்தால் இந்தியா 2030இல் 5.8 சதவீத வேலை நேரத்தை இழக்கும் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2019இல் மதிப்பிட்டது. முதல் அடி வயலில் வேலை செய்பவர்களுக்கு. அறுவடையை விடியற்காலைக்கு மாற்றினால் உடல் தப்பும், நாட்கள் நீளும். நீண்ட ஒவ்வொரு நாளும் நிற்கும் பயிருக்குக் கல் மழை ஆபத்து.

இவை எல்லாவற்றுக்கும் முன் தேவை, பயிருக்கு ஏற்ற வானிலைச் செய்தி. 2018இல் தொடங்கிய மாவட்ட வேளாண் வானிலைப் பிரிவுகள் வட்டார அளவில் அந்த வேலையைச் செய்துவந்தன; 199 பிரிவுகளும் 2024 மார்ச்சோடு மூடப்பட்டன. இன்று 40 டிகிரி என்ற எல்லைக் கோடு எச்சரிக்கை தருவது மே மாத மனிதருக்கு. பிப்ரவரியில் பூக்கும் மாமரத்துக்கும், மார்ச்சில் பால்பிடிக்கும் கோதுமைக்கும், 34 டிகிரியில் இரைக்கும் எருமைக்கும் தனித்தனிக் கோடுகள் வேண்டும். இரவு வெப்பமும் ஈரப்பதமும் அவற்றில் சேர வேண்டும். அந்தச் செய்தி பூ விரிய ஒரு வாரம் முன்னால் கிடைத்தால் உழவர் ஒரு நனைப்பு கூடுதலாகக் கொடுப்பார், வெங்காயத்தை இரண்டு நாள் முன்னதாகப் பட்டறைக்குள் ஏற்றுவார். கிடைக்காவிட்டால் இழப்பின் ஒரு பங்கை வாஷி சந்தை வழியாகத் திலக் நகர் கட்டும். பெரிய பங்கை அந்த உழவரே கட்டுவார். அவருடைய பங்கு எந்த விலைப்பட்டியலிலும் ஏறுவதில்லை.